முன்பணத்துக்கு முன் ஒரு பக்க ஒப்பந்தம்

கேள்வி: என் மகளின் திருமணம் வரும் தை மாதம் கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தில் நடக்கிறது. படம் எடுக்க 3,000 வெள்ளிக்கு மேல் ஒதுக்க முடியாது. பிரிக்பீல்ட்ஸில் ஒருவர் 2,800 வெள்ளிக்கு ஒப்புக்கொள்கிறார். ஆனால் முழுப் பணத்தையும் இப்போதே கட்ட வேண்டுமாம். எக்காரணம் கொண்டும் திருப்பித் தரமாட்டாராம். பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில்தான். பணம் கொடுக்கலாமா? அவர் வராமல் போனால் என்ன செய்வது?

– வாசகர், கிள்ளான்

பதில்: ஐயா, முழுப் பணத்தையும் இப்போது கொடுக்காதீர்கள். விலை குறைவு என்பதற்காக அவரைச் சந்தேகிக்க வேண்டாம். நன்றாகப் படம் எடுக்கும் இளைஞர்கள் பலர் அந்த விலைக்கு வருகிறார்கள். ஆனால் தாலி கட்டும் நேரத்தில் படக்காரர் இல்லையென்றால், எந்த நீதிமன்றமும் அந்த முகூர்த்தத்தைத் திருப்பித் தராது. பணத்தை மட்டுமே வாங்கித் தரும். ஆகவே எச்சரிக்கை முதலிலேயே வேண்டும்.

அவருடைய தொழில் எஸ்எஸ்எம் என்னும் நிறுவன ஆணையத்தில் பதிவாகியுள்ளதா என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். பதிவுப் பெயரும் முகவரியும் தெரிந்தால்தான் பின்னாளில் யார் மீது வழக்குப் போடுவது என்று தெரியும். ஒரே திருமணத்தின் படங்களை முதலிலிருந்து கடைசிவரை காட்டச் சொல்லுங்கள். பொறுக்கியெடுத்த பத்துப் படங்களை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

வாய்மொழியும் வாட்ஸ்அப்பும்கூட ஒப்பந்தமாகும். ஆனால் நிரூபிப்பது சிரமம். ஒரு பக்கத்தில் இப்படி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்: "பெண் அலங்காரம் தொடங்கும் காலை 5 மணி முதல் பகல் 1 மணி வரை நானே நேரில் வந்து படம் எடுப்பேன். வர இயலாவிட்டால், நீங்கள் ஒப்புக்கொள்ளும் இன்னொருவரை அனுப்புவேன். திருத்திய 400 படங்களை 60 நாளில் தருவேன்." பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: முன்பணம் 800 வெள்ளி, திருமண நாளில் 1,000, படங்கள் கைக்கு வந்ததும் 1,000. ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்குங்கள்.

"திருப்பித் தரமாட்டோம்" என்ற வரி அவரை முழுமையாகக் காப்பாற்றாது. நீங்களே ரத்து செய்தால், நியாயமான முன்பணத்தை அவர் வைத்துக்கொள்ளலாம். அவர் வராமல் போனால் கதை வேறு. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யக் கடமைப்படுத்துகிறது. அந்த உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிப் பறிக்க முடியாது என்கிறது 6ஆம் பிரிவு.

பிரச்சினை வந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம். மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். அங்கே உங்களுக்காக வழக்கறிஞர் வாதாட முடியாது, நீங்களே பேச வேண்டும். அதனால்தான் அந்த ஒரு பக்கத் தாள் இவ்வளவு முக்கியம். ஸ்காட்லாந்தில் 1971இல் இப்படி ஒரு வழக்கு வந்தது. படக்காரர் திருமணத்துக்கு வரவேயில்லை. மணப்பெண்ணின் மனவருத்தத்துக்காக நீதிமன்றம் 30 பவுண்டு இழப்பீடு தரச் சொன்னது. அந்தத் தீர்ப்பு நம் மன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும், திருமணப் படம் சாதாரணச் சரக்கு அல்ல என்பதை அது ஏற்றுக்கொண்டது.

இன்னொன்று: படங்களின் உரிமை. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே உரிமை சேரும், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை. "உரிமை படக்காரருக்கே" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் மகளின் படத்தை விளம்பரத்தில் போடலாமா கூடாதா என்பதையும் எழுதிவிடுங்கள்.

செலவைக் குறைக்க வேண்டுமென்றால் ட்ரோன் வேண்டாம், தடித்த ஆல்பம் வேண்டாம், விருந்துபசரிப்புக்குத் தனிப் படப்பிடிப்பு வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆல்பத்தை அடுத்த ஆண்டுகூட அச்சிடலாம். கையெழுத்தை மட்டும் குறைக்காதீர்கள். எழுதித் தர மறுப்பவரானால், 500 வெள்ளி மிச்சமானாலும் அவரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் பேசுங்கள்.