இடுப்புப் பழமும் இடுப்பளவும்



தமிழ்ப்பள்ளியில் 'சிறுநீரகம்' என்று படித்தேன். தேசிய இடைநிலைப்பள்ளியில் அதுவே 'புவா பிங்காங்' ஆனது. மலாயில் புவா என்றால் பழம். பிங்காங் என்றால் இடுப்பு. இடுப்புப் பழம்! அன்று வேடிக்கையாக இருந்த சொல், கிள்ளானிலுள்ள என் மாமாவுக்கு இரத்தச் சுத்திகரிப்பு தொடங்கியபின் கசந்தது. இடுப்புப் பருமனுக்கும் அந்தப் பழத்துக்கும் உள்ள தொடர்பையே இங்கு விளக்க முனைகிறேன்.

நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. ஒவ்வொன்றிலும் சராசரியாகப் பத்து இலட்சம் வடிகட்டிகள் உள்ளன. இவற்றை நெஃப்ரான் என்பர். பிறந்தபின் இவை புதிதாக உருவாவதில்லை. உடல் பருத்தால் வேலை கூடும், வடிகட்டிகள் கூடா.

பிரிக்பீல்ட்ஸ் தேநீர்க்கடையை நினைத்துப் பாருங்கள். ஒரே துணி வடிகட்டியில் அளவுக்கு மீறி ஊற்றினால் முதலில் வேகமாகத்தான் வடியும். நாளடைவில் துணி தொய்ந்து, தூளும் குவளையில் விழும். சிறுநீரகத்திலும் அப்படித்தான். பருமனின் தொடக்கத்தில் வடிகட்டும் வேகம் இயல்பைவிடக் கூடுவதுண்டு. இரத்தப் பரிசோதனை 'நன்று' என்றே காட்டும். பின்னர் அல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் கசியும். அதன்பின் வடிகட்டிகள் ஒவ்வொன்றாகத் தழும்பேறும். வலியே இராது. பருமன் கொண்டுவரும் நீரிழிவும் இரத்த அழுத்தமும் இச்சேதத்தை விரைவுபடுத்தும்.

கலிபோர்னியாவில் 320,000க்கும் மேற்பட்ட பெரியவர்களை ஆராய்ந்து 2006இல் வெளிவந்த ஆய்வு இதை உறுதி செய்தது. இயல்பான எடை கொண்டோரைவிட, மிதமிஞ்சிய எடையுள்ளோர்க்குச் சிறுநீரகம் முற்றாகச் செயலிழக்கும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு. கடும் பருமன் உள்ளோர்க்கு ஏழு மடங்கு.

நம் நாட்டு நிலை என்ன? நாள்பட்ட சிறுநீரக நோய் 2011இல் பெரியவர்களிடையே 9.07 விழுக்காடாக இருந்தது, 2018இல் 15.48 விழுக்காடாக உயர்ந்தது. நோயுள்ளவர்களில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரே அதை அறிந்திருந்தனர். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்தியர்களில் 63.9 விழுக்காட்டினர் மிதமிஞ்சிய எடையோ பருமனோ உடையவர்கள்.

தற்காப்பு எளிது. ஆசியர்களான நமக்கு உடல் எடைக் குறியீடு 23ஐத் தொட்டாலே எச்சரிக்கை. இடுப்பளவு ஆண்களுக்கு 90 செ.மீ.க்கும் பெண்களுக்கு 80 செ.மீ.க்கும் கீழே இருப்பது நல்லது. நீரிழிவோ இரத்த அழுத்தமோ இருந்தால், ஒல்லியானவரும் ஆண்டுதோறும் இரத்தத்தோடு சிறுநீரையும் சோதிக்க வேண்டும். கசிவைத் தொடக்கத்திலேயே கண்டால் எடைக் குறைப்பும் மருந்தும் சேதத்தைத் தாமதப்படுத்தும். ஏற்கெனவே நோய் முற்றியவர்கள் மருத்துவரைக் கேளாமல் உணவுக் கட்டுப்பாட்டில் இறங்கக் கூடாது.

"எடை பார்த்து என்னடா ஆகப்போகுது?" என்பார் மாமா. இன்று வாரம் மூன்று நாள், நான்கு மணி நேர சிகிச்சைக்கு முன்பும் பின்பும் அவர் எடை பார்க்கிறார். இரு சிகிச்சைகளுக்கு இடையே உடலில் தேங்கிய நீரின் எடை அது.

அம்மா அவருடைய தங்கை. சென்ற விடுமுறையில் தையல் நாடாவை எடுத்து அம்மாவின் இடுப்பை அளந்தேன்: 94 செ.மீ. "முதல்ல உன்னை அளந்து பாருடா" என்றார். அளந்தேன்: 92. இருவரும் அரசாங்கக் கிளினிக்கில் சிறுநீர்ப் பரிசோதனைக்குப் பதிந்துவிட்டோம்.

உங்கள் வீட்டிலும் ஒரு தையல் நாடா இருக்கும், நண்பர்களே.