நிலக்கரி போன ஊரில் வேலை

கேள்வி: நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்ட அமெரிக்காவின் அப்பலாச்சிய மலையூர்களில் தொண்டு நிறுவனங்களால் ஏதாவது மாறியிருக்கிறதா?

பதில்: மாறியிருக்கிறது. மேற்கு வர்ஜீனியாவில் 2010-இல் பிராண்டன் டென்னிசன் தொடங்கிய 'கோல்ஃபீல்ட் டெவலப்மென்ட்' அமைப்பைப் பாருங்கள். வேலையில்லாதவர்களைச் சேர்த்துக்கொண்டு, வாரத்தில் 33 மணி நேரம் சம்பளத்தோடு வேலை, 6 மணி நேரம் கல்லூரிப் படிப்பு, 3 மணி நேரம் வாழ்க்கைப் பயிற்சி தருகிறார்கள். பாழடைந்த கட்டடத்தைப் பிரிப்பது, அந்தப் பழைய பலகையில் ஆணி பிடுங்கி மேசை செய்வது, சுரங்கம் தின்ற மலையில் பயிரிடுவது எல்லாம் அங்கே வேலைதான். அம்மாநிலத்தின் ஹன்டிங்டன் நகரில் மூடிக்கிடந்த ஆடைத் தொழிற்சாலையே இவர்களின் பட்டறை. எனக்குப் பிடித்தது அந்தச் சம்பளம். வீட்டில் அடுப்பெரியாதவரிடம் 'முதலில் படி, பிறகு வேலை' என்பது கொடுமை. சுரங்கக் கூலிக்கு இந்தச் சம்பளம் ஈடாகாதுதான். ஆனாலும் பிள்ளைகள் ஊரிலேயே தங்க ஒரு வழி பிறந்திருக்கிறது.