கோடை முகாம்: கேட்டதும் சொன்னதும்

பெண்பிள்ளைகளுக்கான முகாமைக் காலை பத்து மணிக்குத் தொடங்கலாமா?
- வாசகி, அரூர்

அக்னி நட்சத்திரத்தில் பத்து மணிக்கா? ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

நாற்பது பிள்ளைகள். கையில் நாலாயிரம் ரூபாய்தான். டி-ஷர்ட்டுக்கும் நிறைவு விழாவுக்கும் என்ன செய்வது?
- வாசகர், விளாத்திகுளம்

டி-ஷர்ட்டை யார் கேட்டது? மோர், சுண்டல், முதலுதவிப் பெட்டி, நாலு கயிறு. மிச்சமிருந்தால் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வாங்குங்கள். பள்ளித் தலைமையாசிரியரிடம் சாவி வாங்கிய அன்றே கழிப்பறைக் கதவைத் திறந்து, தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். விடுமுறையில் மோட்டார் போட ஆள் இருக்காது. கழிப்பறை சரியில்லை என்று தெரிந்தால் பிள்ளைகள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். மூன்றாம் நாள் ஒருத்தி மயங்கி விழுவாள். அப்போது ஆளாளுக்கு வெயிலைத் திட்டுவீர்கள்.

தம்பி, தங்கைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கவனம் சிதறுகிறது என்று தடுத்தோம். கூட்டம் பாதியாகிவிட்டது.
- வாசகி, திருச்சுழி

ஆகாமல் என்ன செய்யும்? அம்மா நூறு நாள் வேலைக்கோ சூளைக்கோ போயிருப்பாள். பள்ளிக்கூடம் நடக்கிற நாளிலாவது இந்தப் பெண்ணின் இடுப்புக்குக் கொஞ்சம் ஓய்வு. லீவு விட்டால் விடிந்ததிலிருந்து தம்பி அவள் இடுப்பில்தான். தங்கையைத் தூக்கிக்கொண்டு கிரிக்கெட் ஆட வந்த பையனை எந்த ஊரிலாவது பார்த்திருக்கிறீர்களா? தம்பியை விட்டுவிட்டு வா என்றால் அவளை வராதே என்றுதான் அர்த்தம். வேலை இல்லாத வீட்டுப் பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொண்டு முகாம் நடத்துவதாக இருந்தால், ‘ஏழைப் பெண்களுக்கு’ என்று நோட்டீஸில் போடாதீர்கள்.

வேப்பமரத்தடியில் இரண்டு பழைய சேலையை விரியுங்கள், கிளையில் ஒரு தூளி கட்டுங்கள். மகளிர் குழுவில் ஒரு அக்காவுக்கோ பாட்டிக்கோ கூலி கொடுத்து உட்காரவையுங்கள்; தண்ணீர்த் தொட்டிப் பக்கம் குழந்தை போகாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் முதல் வேலை. பெரிய பிள்ளைகளையே முறை வைத்துப் பார்க்கச் சொல்லிவிடாதீர்கள். வீட்டில் செய்வதையே இங்கும் செய்யவா வந்தாள்? தெருக்குழாயில் எந்த நாள் எத்தனை மணிக்குத் தண்ணீர் விடுகிறார்கள் என்றும் விசாரியுங்கள். அன்றைக்கு அரைமணி தாமதமாக வருகிறவளிடம் காரணம் கேட்டு நிற்கவைக்க வேண்டாம்.

மெஹந்தி, கோலம், அடுப்பில்லாச் சமையல் வைத்திருக்கிறோம். வேறென்ன சேர்க்கலாம்?
- வாசகி, பண்ருட்டி

ஓட்டம். மைதானம் வருடம் முழுக்கப் பையன்களிடம்தான் இருக்கிறது. இந்தப் பத்து நாளாவது பிள்ளைகள் கால் நீட்டி ஓடட்டும். கோ-கோவுக்கு இரண்டு கம்பம் போதும். எட்டுப் பேர் மாறி மாறி எதிர்த்திசை பார்த்து உட்கார, ஒருத்தி துரத்துவாள். பல்லாங்குழி வெயில் ஏறிய பிறகு. புளியங்கொட்டைக்குக் காசு வேண்டாம். மெஹந்தி கடைசி நாள் வைத்துக்கொள்ளுங்கள், நானும் கை நீட்டுவேன்.

மாதவிலக்கு நாளில் அனுப்பலாமா என்று ஒரு தாய் கேட்கிறார்.
- வாசகர், செய்யாறு

தாராளமாக அனுப்பச் சொல்லுங்கள், ஒன்றும் ஆகாது. வயிறு வலித்தால் படுத்துக்கொள்ளட்டும். ஆட வேண்டும் என்றால் ஆடட்டும். முதலுதவிப் பெட்டியில் நாப்கினும் கழிப்பறையில் மூடியுள்ள வாளியும் இருக்க வேண்டும். பிள்ளை எடுத்துக்கொள்ளும்போது யாரும் கணக்கு கேட்கக் கூடாது, குறிப்பாக நீங்கள்.

தினமும் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கலாமா?
- வாசகர், பழனி

கூடாது. சுண்டலைப் படமெடுத்துப் போடுங்கள்.