விரட்டாத அடுக்களை

கேள்வி: என் பையன் ஆடும் வீடியோ கேம்களில் சில படபடக்க வைக்கின்றன, சில நிதானமாகப் போகின்றன. ஏன்?
– வாசகி, மன்னார்குடி

பதில்: நேர வரம்பும் கேமரா நிற்கும் இடமும் முக்கியக் காரணங்கள். 2016இல் வந்த ‘ஓவர்குக்ட்’ சமையல் ஆட்டத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். கேமரா மேலிருந்து மொத்த அடுக்களையையும் காட்டுவதால், ஒருவரோடொருவர் முட்டாமல் வேலை பார்ப்பதுதான் சவால்.

டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’வும் சமையல்தான், கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. ஆனால் கேமரா அடுப்பருகே நிற்கிறது, கடிகாரம் விரட்டுவதில்லை. அம்மாவின் சமையல் குறிப்பேடு சிதைந்திருக்கிறது. விட்டுப்போன செய்முறையை நாமே யோசிக்க வேண்டும். தவறினால் மறுபடி செய்யலாம். இங்கே நேரக் கெடு வைத்திருந்தால் கதையே கெட்டிருக்கும். 2024இல் இதற்குச் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது கிடைத்தது. பையனோடு உட்கார்ந்து நீங்களும் ஆடிப் பாருங்கள்.