தண்ணீருக்குள் எவ்வளவு ஆக்சிஜன்? ஊரணியில் நாங்கள் அளந்த கதை



மாசி மாதம் ஒரு காலையில் நம் ஊரணியில் மீன்கள் செத்து மிதந்ததை உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பள்ளிக்கூடம் வந்தோம். கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் வெள்ளை வயிறு தெரியக் கிடந்தன. "யாரோ மருந்து கலந்துட்டாங்க" என்று ஊரே பேசியது. அந்த "யாரோ" இரண்டே நாளில் "இன்னார்" ஆகிவிட்டது. அந்த இன்னார் என் சித்தப்பா!

முந்தின நாள் சாயங்காலம் கத்தரிக்கு மருந்து அடித்துவிட்டு வந்து, அவர் ஊரணியில் கை கால் கழுவினார். அது உண்மை. (மருந்து அடித்த கையை அங்கே கழுவியது தப்புதான், அதை நான் அவரிடமே சொல்லிவிட்டேன்.) ஆனால் ஸ்பிரேயரைக் கழுவவில்லை என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. எங்க அப்பத்தா ஒரு வாரம் ஊரணிப் பக்கமே போகலை.

அப்போது எங்கள் அறிவியல் டீச்சர் கேட்ட கேள்வி இது: "மீன் மூச்சு விடத் தண்ணியில ஆக்சிஜன் இருந்துச்சான்னு யாராச்சும் பார்த்தீங்களா?"

தண்ணீரின் வாய்பாடு எச்2ஓ, அதிலேயே ஆக்சிஜன் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். நானும் அப்படித்தான் சொல்லித் திட்டு வாங்கினேன். அந்த ஆக்சிஜன் ஹைட்ரஜனோடு கட்டுப்பட்டது. மீனால் அதைப் பிரித்து எடுக்க முடியாது. மீன் செவுள் வழியாக எடுப்பது, சர்க்கரை கரைவது போலத் தண்ணீரில் தனியாகக் கரைந்திருக்கும் ஆக்சிஜனை. அதற்குப் பெயர் கரைந்த ஆக்சிஜன்.

அது ரொம்பக் கொஞ்சம்தான் கரையும். நாம் சுவாசிக்கும் காற்று ஒரு லிட்டரில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் காற்றிலிருந்து கரைவது சுமார் 7.5 மி.கி. மட்டுமே! தண்ணீர் குளிர்ந்தால் கூடக் கரையும். 20 டிகிரியில் 9.1, பனிக்கட்டி உருகும் 0 டிகிரியில் 14.6. உப்புத் தண்ணீரில் இன்னும் குறையும். உயரமான இடத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்கேயும் குறையும். கொடைக்கானலில், அதே வெப்பநிலையில், நம் ஊரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாகக் கரையும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மீன் வளர்க்கும் தண்ணீரில் லிட்டருக்கு 4 மி.கி.க்குக் குறையக் கூடாது, குளிக்கும் தண்ணீரில் 5-க்குக் குறையக் கூடாது என்று வைத்திருக்கிறது. 2-க்குக் கீழே போனால் கட்லா, ரோகு எல்லாம் திணறும்.

இதை அளக்க ஒரு வழி சொன்னவர் ஹங்கேரி நாட்டு வேதியியல் அறிஞர் லாயோஷ் விங்க்ளர். ஆண்டு 1888. பாட்டிலில் தண்ணீர் பிடித்து, மாங்கனீஸ் உப்பு, காரம், அயோடைடு, அமிலம் எல்லாம் வரிசையாகச் சேர்த்து, கடைசியில் ஸ்டார்ச் விட்டு நீலநிறம் மறையும்வரை தரம்பார்க்க வேண்டும். கல்லூரிகளில் இன்றும் செய்கிறார்கள். மின்சாரத்தால் அளக்கும் முனையை உண்டாக்கியவர் அமெரிக்காவின் லேலண்ட் கிளார்க். 1956-இல் அதை வெளியிட்டார். அவர் மீனுக்காகச் செய்யவில்லை, மனித ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கச் செய்தார். அதுதான் பிறகு குளத்துக்கும் வந்தது!

டீச்சரின் தம்பி கடற்கரைப் பக்கம் ஒரு இறால் பண்ணையில் வேலை பார்க்கிறார். அங்கே ஆக்சிஜன் மீட்டர் இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாதாம். அவரிடம் கெஞ்சி இரண்டு நாளைக்கு வாங்கி வந்தார்கள். பார்க்க டிவி ரிமோட் மாதிரி இருக்கும். அதிலிருந்து நீளமான வயர், வயர் நுனியில் கட்டைவிரல் கனத்தில் ஒரு முனை. அதற்குள்ளே தங்கம் அல்லது பிளாட்டினத் துண்டு ஒன்று, வெள்ளி ஒன்று, இரண்டுக்கும் நடுவில் பொட்டாசியம் குளோரைடு கரைசல். நுனியை ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கும். சவ்வு தண்ணீரை விடாது, ஆக்சிஜனை உள்ளே விடும். உள்ளே போன ஆக்சிஜன் தங்கத்தின் மேல் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும். அப்போது சின்ன மின்னோட்டம் ஓடும். ஆக்சிஜன் கூடினால் மின்னோட்டமும் கூடும். அந்த மின்னோட்டத்தைத்தான் மீட்டர் எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. இப்போது ஒளியால் அளக்கும் முனைகளும் வந்துவிட்டன. அவற்றில் நீல ஒளி பட்டு ஒரு சாயம் சிவப்பாக ஒளிரும். ஆக்சிஜன் அதிகமானால் ஒளிர்வது குறையும். எங்களுக்குக் கிடைத்தது பழைய வகை.

பழைய வகையில் ஒரு தொல்லை உண்டு. முனை தானே ஆக்சிஜனைத் தின்றுகொண்டே அளக்கும்! தண்ணீருக்குள் அசையாமல் வைத்தால் சவ்வுக்குப் பக்கத்தில் உள்ளதை எல்லாம் தின்றுவிட்டுக் குறைத்துக் காட்டும். அதனால் மெதுவாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முகம் கழுவுவது மாதிரி சளசளவென்று ஆட்டினால் காற்றுக்குமிழி கலந்து அதிகமாகக் காட்டும். எண் ஓடுவது நிற்கும்வரை பொறுமை வேண்டும். என் தோழி முனையை முக்கின உடனே எழுதிவிட்டாள், அதை அடித்துவிட்டோம்.

அளப்பதற்கு முன்னால் மீட்டரைச் சரிபார்க்க வேண்டும். ஆன் பண்ணிப் பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா வைக்கணும். பிறகு அடியில் ஈரப் பஞ்சு வைத்த மூடிக்குள் முனையைச் செருகி, ஈரக் காற்றில் 100 சதவீதம் என்று காட்ட வைக்கணும். நாங்கள் அப்படியே செய்தோம். 100 என்று சரியாகக் காட்டியது. ஆனால் மில்லிகிராமுக்கு மாற்றிப் பார்த்தால் 6.6! வெப்பநிலை 30 டிகிரி. டீச்சர் கரும்பலகையில் எழுதிப்போட்ட பட்டியலில் 30 டிகிரிக்கு 7.5 என்று இருக்கிறது. மீட்டர் கெட்டுப்போச்சு என்று எல்லோரும் முகம் வாடினோம். டீச்சர் பொத்தான்களை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். மீட்டர் இறால் பண்ணையில் இருந்து வந்தது இல்லையா? உப்பு அளவு 25 என்று அங்கே வைத்தது அப்படியே இருந்தது. அதை 0 ஆக்கியதும் 7.5 வந்தது. பட்டியல் மட்டும் இல்லாவிட்டால் தப்பான எண்ணை எழுதிக்கொண்டு போயிருப்போம்.

மீன் செத்து ஒன்பதாம் நாள், மத்தியானம் மூணு மணிக்கு ஊரணியில் முதல் அளவு எடுத்தோம். நல்ல வெயில். தண்ணீர் பச்சையாக, பாசிப்பயறு ஊறவைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. மேலாக 12.4 மி.கி.! ஏழரைதானே கரையும், பன்னிரண்டு எப்படி வந்தது? அந்தப் பச்சை நிறமே நுண்பாசிதான். வெயிலில் அது ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருக்கிறது. வெளியேற நேரமில்லாமல் தண்ணீரில் அளவுக்கு மேல் தங்கிவிடுகிறது.

பையன்கள் உடனே, "தண்ணியில ஆக்சிஜன் எக்கச்சக்கமா இருக்கு. அப்ப மருந்துதான்!" என்றார்கள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அழுகை வந்துவிட்டது. டீச்சர்தான், "பாசி ராத்திரியில என்ன செய்யும்?" என்று கேட்டார்கள்.

ராத்திரியில் வெயில் இல்லை. பாசி ஆக்சிஜன் விடாது, நம்மைப் போல அதுவும் சுவாசிக்கும். மீனும் சுவாசிக்கும், சேற்றில் உள்ள பாக்டீரியாவும் சுவாசிக்கும். வரவு நின்றுவிட்டது, செலவு மட்டும் நடக்கிறது.

எங்கள் வீடு ஊரணிக் கரையில்தான். அன்றைக்கு டீச்சர் எங்க வீட்டிலேயே தங்கினார்கள். அப்பத்தா டார்ச் பிடித்துக்கொண்டு கூடவே வந்தது. "பாம்பு கிடக்கும், படியை விட்டு இறங்காத" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னது. சாயங்காலம் ஆறு மணிக்கு 10.8 இருந்தது. ஒன்பது மணிக்கு 7.9. நடுராத்திரி 5.0. மூணு மணிக்கு நான் தூங்கிவிட்டேன், டீச்சர் அளந்தது 2.6. விடியற்காலை ஐந்தரைக்கு என் கையாலேயே அளந்தேன். எண் இறங்கி இறங்கி 1.1-இல் நின்றது. மறுபடி ஆட்டிப் பார்த்தேன், அதேதான். டார்ச் வெளிச்சத்தில் மிச்சம் பிழைத்த நாலைந்து கட்லா மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. எட்டு மணிக்கு வெயில் பட்டதும் 2.9 ஆகிவிட்டது. பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்! அதே ஊரணி, அதே படி. யாராவது "குளத்தில் ஆக்சிஜன் நல்லா இருக்கு" என்று சொன்னால், எத்தனை மணிக்கு அளந்தீங்க என்று கேட்கணும்.

அப்படியானால் மீன் செத்த அன்று? நாங்கள் அளந்தது வெயில் காய்ந்த நாளில். மீன் செத்ததற்கு முன்னால் மூன்று நாள் மேகமூட்டமும் தூறலும் இருந்தது, நம் வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும், பாதிப் பேர் வரவில்லை. வெயில் இல்லாவிட்டால் பகலிலும் வரவு குறைவு. மேலும், மீன் நன்றாக வளரட்டும் என்று அதற்கு முந்தின வாரம் இரண்டு டிராக்டர் கோழி எரு கொட்டினார்கள். எருவை மட்கவைக்கும் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும். எரு பாசியையும் வளர்க்கும். மாசியில் தண்ணீர் வேறு பாதியாகிவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. செத்தது எல்லாம் கட்லா, ரோகு, மிர்கால்தான், அதிலும் பெரிய மீன்கள். ஆக்சிஜன் குறைந்தால் பொதுவாகப் பெரியவைதான் முதலில் சாகும். விரால் ஒன்றுகூடச் சாகவில்லை. ஏனென்றால் விரால் மேலே வந்து காற்றையே நேராகச் சுவாசிக்கும். தேளி மீனும் அப்படித்தான். பூச்சிமருந்து கலந்திருந்தால் காற்றைச் சுவாசிக்கிற மீன் என்று பார்த்தா விடும்? தண்ணீர்ப் பூச்சிகளும் செத்திருக்கும். மீன் மிதந்த அன்றைக்கே அவை மேலே ஓடிக்கொண்டிருந்ததை அப்பத்தா பார்த்திருக்கிறது.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் எழுதச் சொன்னார்கள் டீச்சர். இந்த மீட்டர் ஆக்சிஜனை மட்டும்தான் அளக்கும். மருந்து இருந்ததா இல்லையா என்று அதற்குத் தெரியாது. மருந்தைக் கண்டுபிடிக்க அன்றைக்கே தண்ணீரும் மீனும் எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பியிருக்கணும். யாரும் அனுப்பவில்லை. அதனால், "சித்தப்பா செய்யவில்லை என்று மீட்டர் நிரூபித்துவிட்டது" என்று நான் எழுத முடியாது. மருந்தே இல்லாமலும் இந்த ஊரணியில் மீன் சாக முடியும் என்று மட்டும் எழுதலாம். எனக்கு அது போதும்.

வரைபடத் தாளில் நேரத்தையும் அளவையும் போட்டு, ஊராட்சி அலுவலகத்தில் டீச்சரோடு போய்க் காட்டினோம். தலைவர் ரொம்ப நேரம் பார்த்தார். மீன் பாசி ஏலம் எடுத்தவரும் இருந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும், "எரு எவ்வளவு போடலாம், பாப்பா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மீன்வளத் துறையில் கேட்டுச் சொல்வதாக டீச்சர் சொன்னார்கள்.

வீட்டில் மீட்டர் இல்லாதவர்கள் விடியற்காலை குளத்துக்குப் போய்ப் பாருங்கள். மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்தால் ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது எரு, தீவனம் போடுவதை நிறுத்தணும். மோட்டார் இருந்தால் தண்ணீரை இறைத்து மேலேயிருந்து விழ வைக்கணும். விழும்போது காற்று கலக்கும். இறால் பண்ணையில் துடுப்புச் சக்கரம் சுற்றுவதும் இதற்காகத்தான்.

நாங்கள் போட்ட வரைபடத்தைப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறோம். பென்சில் கோடு மேற்பரப்பு. சிவப்பு மைக் கோடு இடுப்பளவு ஆழத்தில், அடிச்சேற்றுக்குப் பக்கத்தில் எடுத்தது. சிவப்புக் கோடு மத்தியானம் மூணு மணிக்கே 2.3-இல்தான் இருக்கிறது, கவனியுங்கள். கை வைத்து அழித்துவிடாதீர்கள்.

— 9-ஆம் வகுப்பு மாணவி