ஆளில்லாத ரயில் நிலையம்

ரயில் நிலையம் என்றதும் யார் யார் நினைவுக்கு வருகிறார்கள்? ஸ்டேஷன் மாஸ்டர், டிக்கெட் கொடுப்பவர், கொடி காட்டுபவர். இவர்களில் ஒருவர்கூட இல்லாத நிலையங்கள் ஜப்பான் நாட்டில் நிறைய உண்டு. 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி, அங்கே ஏறக்குறைய பாதி நிலையங்கள் ஆளில்லாதவை. கிராமங்களில் குழந்தைகள் குறைந்துவிட்டார்கள். இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். பயணிகள் குறைந்தால் வருமானமும் குறையும். சம்பளம் கொடுத்து ஆள் வைக்க முடிவதில்லை.

அப்படியானால் காசை யார் வாங்குவது? ரயில் ஓட்டுநரே பார்த்துக்கொள்கிறார். பயணிகள் பின் கதவு வழியாக ஏற வேண்டும். கதவு ஓரத்தில் ஒரு சிறு இயந்திரம் இருக்கும். அதிலிருந்து ஒரு சீட்டை எடுக்க வேண்டும். சீட்டில் ஓர் எண் இருக்கும். ஓட்டுநரின் இருக்கைக்கு மேலே ஒரு பலகை. சீட்டில் 4 என்று இருந்தால், பலகையில் 4 என்ற எண்ணுக்கு உரிய தொகைதான் கட்டணம். ரயில் போகப் போக அந்தத் தொகை ஏறும். இறங்கும்போது சீட்டையும் காசையும் ஓட்டுநர் அருகில் உள்ள பெட்டியில் போட வேண்டும். பிறகு முன் கதவு வழியாக இறங்கலாம். எண் படிக்கத் தெரிந்தால் போதும். ஜப்பானிய மொழி தெரியாதவரும் பயணம் செய்துவிடலாம்.

வகாயாமா என்ற நகரத்திலிருந்து இப்படி ஒரு ரயில் போகிறது. 14.3 கிலோமீட்டர் தூரம். 14 நிலையங்கள். கடைசி நிலையம் கிஷி. 2004ஆம் ஆண்டில் இந்த ரயிலுக்கு ஆபத்து வந்தது. நஷ்டம் தாங்கவில்லை, நிறுத்தப் போகிறோம் என்று ரயில் கம்பெனி அறிவித்தது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? கார் ஓட்ட முடியாத முதியவர்கள் எப்படி ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்?

ஊர் மக்கள் சங்கம் அமைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சந்தா கட்டிச் சேர்ந்தார்கள். நாம் ஏறினால்தான் ரயில் நிலைக்கும் என்று பிரசாரம் செய்தார்கள். அரசும் அசைந்தது. ரயில் பாதை உள்ள நிலத்தை வாங்க மாகாண அரசு பணம் கொடுத்தது. 10 ஆண்டுகளுக்கு 82 கோடி யென் வரை நஷ்டத்தை ஏற்பதாக உள்ளூர் ஆட்சி மன்றங்கள் ஒப்புக்கொண்டன. யென் என்பது ஜப்பான் நாட்டுப் பணம். 2006 ஏப்ரலில் ஒரு புதிய கம்பெனி ரயிலை ஓட்டத் தொடங்கியது. செலவைக் குறைக்க, கிஷி நிலையத்தில் ஊழியரை எடுத்துவிட்டார்கள்.

நிலையத்தை ஒட்டி ஒரு சிறு கடை. கடைக்கார அம்மா ஒரு பூனை வளர்த்தார். பெயர் தாமா. வெள்ளை, கறுப்பு, பழுப்பு என்று மூன்று நிறம். பூனை தங்கிய குடிலை அகற்ற வேண்டி வந்தது. பூனையை நிலையத்திலேயே இருக்க விடுங்கள் என்று கம்பெனித் தலைவரிடம் அந்த அம்மா கேட்டார். தலைவர் ஒரு படி மேலே போனார். 2007 ஜனவரியில் தாமாவை ஸ்டேஷன் மாஸ்டர் ஆக்கிவிட்டார்! தலைக்கு அளவான தொப்பி கொடுத்தார்கள். சம்பளம், பூனைத் தீனி.

செய்தி பரவியது. வெளிநாட்டினரும் பார்க்க வந்தார்கள். 2010இல் பூனை முகம் போன்ற கூரையோடு புதிய நிலையம் கட்டினார்கள். 2015 ஜூனில் தாமா இறந்தது. அஞ்சலி செலுத்தச் சுமார் 3,000 பேர் கூடினார்கள். பிறகு நிதாமா என்ற பூனை அந்தப் பதவிக்கு வந்தது. 'நி' என்றால் இரண்டு.

பூனைதான் ரயிலைக் காப்பாற்றியது என்று பலர் எழுதுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டுகளைப் பாருங்கள். ரயில் பிழைத்தது 2006இல். பூனை தொப்பி போட்டது 2007இல். சங்கத்தார் அதற்கும் முன்பே வந்துவிட்டார்கள். பூனை புகழ் பெற்ற பிறகும் அவர்கள் வேலையை விடவில்லை. நிலையங்களைச் சுத்தம் செய்தார்கள். 2016இல் 10 ஆண்டு ஒப்பந்தம் முடிந்தது. அப்போதும் ரயிலுக்கு உதவி தேவைப்பட்டது. மறுபடியும் உட்கார்ந்து பேசினார்கள். உதவி தொடர்ந்தது.