கோழித் தீவனமும் கூட்டுப்புழுவும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, மானசகங்கோத்திரி விடுதியில் உணவு முடித்து அறைக்குத் திரும்பிய வேளையில் ஊரிலிருந்து அப்பா தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரித்து முடியுமுன்பே, "ஏங்கண்ணு, உங்க மைசூர்ப் பக்கம் பட்டுநூல் எடுத்த பொறகு புழுவச் சும்மா கொட்டறாங்களாமே, அதக் கோழிக்குப் போடலாமா?" என்று கேட்டார். "பாத்துச் சொல்றேனுங்கப்பா" என்று மட்டுமே என்னால் விடையளிக்க முடிந்தது. வேதியியலில் முதுகலை பயிலும் மகனுக்கு இது போதுமான விடையாகுமா? நூலகத்தில் ஒரு வாரம் அமர்ந்து அவருக்கு எழுதிய கடிதத்தையே சற்று விரித்து இங்கே தருகிறேன். கோழிக்கறியை விரும்பும் நண்பர்களும், விடுதிக் குழம்பில் அதைத் தேடிச் சலித்த நண்பர்களும் பொறுமையுடன் படிப்பார்களாக.

அப்பா வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. பல்லடத்துக்கு அருகில் எங்களுக்கு இரண்டாயிரம் கறிக்கோழிகள் வளர்க்கும் கொட்டகை ஒன்று உண்டு. 2021ஆம் ஆண்டில் சோயாப் புண்ணாக்கின் விலை சில மாதங்களில் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கைப் பன்னிரண்டு இலட்சம் டன் இறக்குமதி செய்ய நடுவணரசே இசைவளித்தது என்றால் நெருக்கடியை உணரலாம். கோழி வளர்ப்புச் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போகிறது. அப்பா சோயாவைக் குறைத்து, மலிவாகக் கிடைத்த கடலைப் புண்ணாக்கைச் சேர்த்தார். அது மழையில் நனைந்து உலர்ந்த சரக்கு. மூன்றாம் வாரம் குஞ்சுகள் சோர்ந்து ஒடுங்கின. அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர் வெளிறி மஞ்சளித்த ஈரலைக் காட்டினார். கொட்டகை அன்று மூடியதுதான், இன்னும் திறக்கவில்லை.

அந்த ஈரலின் கதை பழைய கதை. 1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மாண்டன. காரணம் தெரியாமையால் முதலில் அந்நோய்க்கு 'எக்ஸ்' என்றே பெயரிட்டனர். பின்னர்ப் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த ஒரு பூஞ்சையே குற்றவாளி எனக் கண்டனர். அதன் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். நம் நாட்டின் தர நிர்ணயம் கறிக்கோழித் தீவனத்தில் இதன் பி-1 வகைக்கு விதித்துள்ள வரம்பு நூறு கோடியில் இருபது பங்கு. கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத அளவு இது, வேகவைத்தாலும் அழியாது. ஆகவே மாற்றுத் தீவனம் எதுவாயினும், 'எவ்வளவு மலிவு' என்று கேட்குமுன் 'எப்படி உலர்ந்தது' என்று கேட்டல் வேண்டும்.

இனிப் புரதத்துக்கு வருவோம். வளரும் கறிக்கோழிக்குத் தீவனத்தில் நூற்றுக்கு 20 முதல் 23 பங்கு வரை புரதம் வேண்டும். மக்காச்சோளத்தில் இருப்பதோ ஒன்பதுக்குள்தான். சோயாப் புண்ணாக்கில் 45 உண்டு. கடலைப் புண்ணாக்கிலும் அவ்வளவே இருக்கிறதே, பிறகு ஏன் சோயாவையே நாடுகிறோம்? கோழியின் உடல் புரதத்தை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. அதை அமினோ அமிலங்களாகப் பிரித்துத் தனக்கு வேண்டியவாறு மீண்டும் கோத்துக்கொள்கிறது. கல்யாணப் பந்தியில் சோறு மலைபோல் இருந்தும் சாம்பார் நூறு பேருக்கே இருந்தால், பந்தி நூறு பேரோடு நின்றுவிடும் அல்லவா? அவ்வாறே ஓர் அமிலம் குறைந்தால் ஏனையவை எவ்வளவு மிகுந்திருப்பினும் வீணே. கடலையில் லைசினும் மெத்தியோனினும் குறைவு. எள்ளுப் புண்ணாக்கில் மெத்தியோனின் நிறைவு; லைசின் குறைவு. சோயாவில் லைசின் உண்டு. மெத்தியோனினைச் செயற்கையாகச் சிறிது சேர்த்தால் போதும். இதுவே சோயாவின் செல்வாக்குக்குக் காரணம்.

இப்பொழுது நம் மைசூர்ப் புழு. பெங்களூர் இரயிலில் செல்லும் நண்பர்கள் இராமநகரத்தை அறிவார்கள். அங்குள்ள பட்டுக்கூட்டுச் சந்தை ஆசியாவிலேயே பெரியதென்பர். நூற்பு ஆலையில் கூடுகளை வெந்நீரிலிட்டு நூலை உருவியபின் எஞ்சுவது வெந்த கூட்டுப்புழு. ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஏறத்தாழ ஏழு கிலோ கூடு வேண்டும். அதில் ஐந்தரைக் கிலோ புழு. புழுவில் முக்கால் பங்கு நீர். உலர்த்தினால் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறையும். உலர்ந்த புழுவில் புரதம் நூற்றுக்கு 50. கொழுப்பு 25 முதல் 30. எண்ணெயைப் பிழிந்துவிட்டால் புரதம் 65க்கும் மேல் உயரும். லைசின் சோயாவுக்கு இளைத்ததன்று. மெத்தியோனினோ அதைவிட ஏறக்குறைய இரு மடங்கு! எண்ணெய் நீக்கிய கூட்டுப்புழு மாவைக் குஞ்சுகளுக்கு அளித்துப் பார்த்த நம் நாட்டு ஆய்வொன்று 1971இலேயே பிரிட்டனின் கோழியியல் ஆய்விதழில் வெளிவந்திருக்கிறது. நம் அப்பாக்கள் நினைப்பவை பெரும்பாலும் முன்பே யாரோ நினைத்தவைதாம். அவை அவர்களை வந்தடைவதற்குத்தான் ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன.

கணக்கைப் பார்ப்போம். நூறு கிலோ தீவனத்தில் இருபது கிலோ புரதம் வேண்டுமெனக் கொள்வோம். மக்காச்சோளமும் சோயாவும் மட்டுமே எனில் சோயா முப்பதரைக் கிலோ ஆகும். எண்ணெய் பிழியாத புழு ஐந்து கிலோ சேர்த்தால் சோயா இருபத்தைந்து கிலோ போதும். ஐந்தரைக் கிலோ மிச்சம்.

ஆனால் இங்கே ஒரு வேதியியல் கண்ணி இருக்கிறது. புரதத்தை நாம் நேராக அளப்பதில்லை. 1883இல் டென்மார்க்கின் கெல்டால் வகுத்த முறைப்படி நைட்ரஜனை அளந்து அதை 6.25ஆல் பெருக்குகிறோம். பூச்சியின் தோலிலுள்ள கைட்டின் என்னும் பொருளிலும் நைட்ரஜன் உண்டு. அதுவும் புரதமென வேடமிட்டுக் கணக்கில் ஏறிவிடுகிறது. கைட்டின் கோழிக்கு ஓரளவே செரிக்கும். வேறு மூவகைப் பூச்சிப் புழுக்களை ஆய்ந்தோர் 2017இல் 6.25க்குப் பதிலாக 4.76 என்னும் எண்ணைப் பரிந்துரைத்தனர். பட்டுப்புழுவுக்கு அது அப்படியே பொருந்துமென்று கொள்ளலாகாது. எனினும் பொருந்தினால் 50 என்பது 38 ஆகிவிடும், ஐந்தரைக் கிலோ மிச்சம் நான்காகச் சுருங்கும். அப்பாவுக்கு நான்கு என்றே எழுதினேன்.

அடுத்த இடையூறு நாற்றம். இராமநகரத்தின் நூற்புக் கூடங்களை ஒட்டி நடந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஈரப்புழு ஒரே நாளில் அழுகத் தொடங்கும். அதன் கொழுப்பு எளிதில் காறிப்போகும் இனம்; காறிய புழுவைத் தின்ற கோழியின் கறியிலும் மீன்வாடை ஏறக்கூடும். எடுத்த அன்றே உலர்த்தி, எண்ணெயைப் பிழிந்து, ஈரம் பத்துக்குக் கீழே இறக்கினாலன்றி அதை மூட்டை கட்டலாகாது. மேலும் அது 'சும்மா' கொட்டப்படுவதுமில்லை. உலர்ந்த புழுவை மீன் தீவனத்துக்கும், எண்ணெயைச் சோப்புக்கும் வாங்க வணிகர்கள் முன்பே இருக்கிறார்கள்.

ஏனைய மாற்றுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளித் திப்பியில் மாவுச்சத்து உண்டு, புரதம் இல்லையென்றே சொல்லலாம். கம்பு மக்காச்சோளத்துக்கு நல்ல பதிலாள். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் காசிபால் என்னும் நஞ்சு உண்டு. மக்காச்சோளம் எத்தனால் ஆலைகளுக்குச் செல்லத் தொடங்கியபின் அங்கிருந்து வரும் வடிசக்கை மலிவாகக் கிடைக்கிறது. ஆயினும் மாவுச்சத்து நீங்கி மூன்றிலொரு பங்காகச் சுருங்கும்பொழுது, தானியத்திலிருந்த பூஞ்சை நஞ்சும் மும்மடங்காகச் செறிந்துவிடும். அதை அப்பாவுக்கு அடிக்கோடிட்டு எழுதினேன்.

கடிதம் போய்ச் சேர்ந்த மறுநாள் மீண்டும் அழைத்தார். "நாலு கிலோன்னாலும் நாலு கிலோதானுங் கண்ணு. மொதல்ல அம்பது குஞ்சுக்குப் போட்டுப் பாக்கலாம். சனிக்கெழம வரும்போது ரெண்டு கிலோ கொண்டா, காஞ்சதாப் பாத்து வாங்கு" என்றார். கொட்டகையின் கூரையை ஆள் வைத்துச் சரிபார்த்துவிட்டாராம். அதை அம்மா தனியே சொன்னார்.

ஆகவே வெள்ளிக்கிழமை இராமநகரம் செல்கிறேன். இறுக்கமாக மூடக்கூடிய எஃகுத் தூக்கு ஒன்று எந்த நண்பரிடமாவது இருப்பின் இரவல் தருக. திருப்பித் தரும்பொழுது அதில் பழையபடி தயிர்ச்சோறு கட்டலாம் என்று மட்டும் என்னால் உறுதி கூற இயலாது.